கொய்யாவில் பல்தடம், தொட்டியில் நுரை

ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்து லயம். மே மாத மழை பிடித்துக்கொண்ட வாரம். அன்று காலையில் ஒரே வீட்டு இஸ்தோப்பில் இரண்டு முறைப்பாடுகள் கேட்டேன். முதலாவது கொய்யாவைப் பற்றி. கோடியில் நின்ற மரத்தில் பழுத்ததில் பாதி போய்விட்டது. சப்பித் துப்பிய சக்கை வாசல் சீமெந்தில் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. இரண்டாவது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, கைநிறைய அள்ளி அப்பியதுபோல் வெண்ணுரை ஒட்டியிருந்தது.

"யாரோ சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டுக் கைய உதறிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன் தம்பி," என்றார் அந்த வீட்டு அக்கா. "தொட்டுப் பாத்தா பிசுபிசுங்குது. தேரை வேலை. பொழுது விடிஞ்சா மலைக்கு ஓடுறதா, இதத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு நிக்கிறதா?"

"கொய்யாவுக்கு என்ன செய்யப் போறீங்க அக்கா?"

"வவ்வாலை என்ன தம்பி செய்யிறது? அது பறந்து போற சாதி."

தும்புத் தூரிகையை எடுத்து நுரையைத் தேய்க்கத் தொடங்கினார். அந்த வீட்டில் இரண்டு உயிர்கள் இரவில் வந்து போயிருக்கின்றன. ஒன்று திருடியது, மற்றது அசுத்தம் செய்தது. திருடியதற்குத் தண்டனை இல்லை, பறந்துவிட்டது. நுரையில் இருந்த நூற்றுக்கணக்கான முட்டைகள் கானில் போயின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நேரத்தில்தான்.

வௌவால், குறுமூக்குப் பழவௌவால். விலங்கியலார் சைனோப்டெரஸ் ஸ்பிங்க்ஸ் என்பார்கள். ஐம்பது கிராம் வாக்கில் எடை, நாய்க்குட்டி முகம், சிறகை விரித்தால் ஒன்றரை அடி. இலங்கையில் குறுமூக்கு இனங்கள் இரண்டு உண்டு, இதற்குச் சற்றுச் சிறிய தம்பி ஒன்று. பறக்கும்போது பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கையில் பிடித்து முன்கை எலும்பையும் காதையும் அளந்தால்தான் தெரியும். தவளை, பாலிபெடேட்ஸ் குருசிகர். மரத்தவளை என்று நூல்களில் எழுதுவார்கள், லயத்தில் தேரை என்றால் போதும். பெண் நம் நடுவிரல் நீளத்துக்கு வளரும், ஆண் அதைவிடச் சிறியது. முதுகில் கழுத்துக்குப் பின்னே அகன்று, நடுவில் ஒடுங்கி, மறுபடியும் அகலும் கருந்தடம் ஒன்று இருக்கும். பெயர் வைத்தவருக்கு அது சிலுவையாகத் தெரிந்திருக்கிறது. குருசிகர் என்றால் சிலுவை சுமப்பது. ஆங்கிலப் பெயரில் அது மணற்கடிகாரம். மாசி மாதத்தில் காமன்கூத்து ஆடுகிற தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது வேறொன்றாகவும் தெரியாது, உடுக்கைதான். இந்தக் கட்டுரையில் அதை உடுக்கைத் தவளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாலூட்டியையும் நீர்நிலவாழியையும் ஒப்பிடுவது வாழைக்காயையும் வண்டிச்சக்கரத்தையும் ஒப்பிடுவது போல என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். உடலமைப்பை வைத்துப் பார்த்தால் சரிதான். இரண்டும் ஒரே முற்றத்தில், ஒரே இரவில், மனிதன் கட்டி வைத்ததையும் நட்டு வைத்ததையும் நம்பிப் பிழைக்கின்றன. எனக்கு அந்த ஒற்றுமை போதும்.

பெயர் வந்த கதையே இரண்டுக்கும் உள்ள முதல் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது. இந்த வௌவாலுக்கு அறிவியற் பெயர் வந்தது நம் தரங்கம்பாடியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு. டென்மார்க்காரர் கோட்டை கட்டி ஆண்ட அந்தக் கடற்கரை ஊரிலிருந்து போனதை வைத்து மார்ட்டின் வால் 1797-இல் அதற்குப் பெயரிட்டார். தரங்கம்பாடியில் பெயர் பெற்ற அதே இனம் இலங்கையிலும் இருக்கிறது, பாகிஸ்தானிலிருந்து தென்கிழக்காசியா வரையிலும் இருக்கிறது. உடுக்கைத் தவளைக்குக் கல்கத்தாவிலிருந்து எட்வர்ட் பிளைத் 1852-இல் பெயர் வைத்தார், இலங்கைத் தவளை என்று சொல்லியே. தென்னிந்தியாவில் அகப்பட்ட அதுபோன்ற தவளைகளையும் நெடுங்காலம் இதே பெயரில் எழுதி வந்தார்கள். 1998-இல் தாஸ், ரவிச்சந்திரன் இருவரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது வேறு இனம் என்று பிரித்தெடுத்து, அதற்குச் சூடோகுருசிகர் என்று பெயரிட்டார்கள். போலிச் சிலுவைக்காரன் என்று அர்த்தம். அன்றிலிருந்து குருசிகர் இலங்கைக்கு மட்டும் உரியது.

நடுவே கிடப்பது ஒரு நீரிணைதான். கடல்மட்டம் இறங்கி நிலம் தெரிந்த காலங்களும் இருந்திருக்கின்றன. ஆனால் வழி நெடுக வறண்ட பூமி; ஈரத்தோலை நம்பி வாழும் ஓர் உயிர் அதைக் கடப்பது எளிதல்ல. வௌவாலுக்கு அந்தக் கவலை இல்லை. இரு கரையிலும் ஒரே பெயரோடு இருக்க அதனால் முடிந்தது. கடல் கடந்து வந்து, காடு வெட்டி, கோப்பி நட்டு, தேயிலை நட்டு, கடைசியில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இந்தக் கரைக்கும் இல்லாமல் அந்தக் கரைக்கும் இல்லாமல் நின்றவர்களின் கூரைக்கு மேலேதான் அது இரவுதோறும் பறக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டமும் வௌவாலும் என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழவௌவாலைப் பிடித்தார். ஆளின் பெயரும் ஹட்டன்தான்; நம் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் குறுமூக்கு வௌவால் என்ற பெயர்ச்சீட்டோடு 24 ஆண்டுகள் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது இனம் மட்டுமல்ல, பேரினமே வேறு என்று சொன்னார். சலீம் அலி பெயரைத் தாங்கிய லாட்டிடென்ஸ் சலீமாலி இப்படித்தான் வெளியே வந்தது. சாதாரணம் என்று ஒதுக்கிய பெட்டிக்குள் அபூர்வம் ஒளிந்திருக்கும். தவளை விசயத்திலும் இதுதான் நடந்தது.

இனி வீடு. இரண்டையும் ஒப்பிடுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குறுமூக்கு வௌவால் பெரிய பழந்தின்னி வௌவால்களைப்போல மொட்டைக் கிளையில் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை. வீடு கட்டும். கட்டுவது ஆண். பாளையங்கோட்டைப் பக்கத்தில் பாலசிங், கோயில்ராஜ், அமெரிக்கரான தாமஸ் குன்ஸ் மூவரும் இதைப் பல இரவுகள் காத்திருந்து கவனித்து 1995-இல் எழுதினார்கள். சுவரில் படர்ந்த கொடியிலோ நெட்டிலிங்க மரத்திலோ ஓர் இடத்தைத் தேர்ந்து, உள்ளே இருக்கும் சிறு தண்டுகளைப் பல்லால் கடித்துக் கடித்து அறுக்கும். வெளியே இலைத்திரை அப்படியே தொங்கும், உள்ளே மணியைக் கவிழ்த்ததுபோல் ஒரு குடைவு. ஒரே ஆண் தனியாகச் செய்யும் வேலை; ஒரு மாதம் பிடிக்கும், சில மரங்களில் அதற்கு மேலும் போகும். வீடு முடிந்தபிறகு பெண்கள் வந்து சேரும், ஒன்றிரண்டாகவும் வரும், பத்துக்கு மேலும் வரும். வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்று சொல்லி வைத்த நம் ஆட்கள் விருந்தாளிகளைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் பல்லைத் தேய்த்துக் கட்டிய வீடு அது என்பதுதான் பழமொழிக்குள் வரவில்லை.

அதே 1995-இல் புனே பக்கத்தில் பட் என்பவரும் குன்ஸும் இன்னொன்றைப் பார்த்தார்கள். கூந்தற்பனையின் காய்க்குலைக்குள் நடுச்சரங்களைக் கடித்து உதிர்த்துவிட்டு, சுற்றிலும் சரம்சரமாகத் தொங்கும் காய்களைத் திரைச்சீலையாக வைத்து உள்ளே குடியிருந்தது இதே வௌவால். கூந்தற்பனை என்றால் மலையகத்தில் யாருக்கும் புரியாது. கித்துள் என்று சொல்ல வேண்டும்; பாணி காய்ச்சுகிற கித்துள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பே அந்த மரத்தைக் கித்துள் என்றுதான் சொல்கிறது. புனேக்காரர் ஒரு சிங்களச் சொல்லை வைத்து மராட்டிய மண்ணின் மரத்தை எழுதியிருக்கிறார். ஓடைக்கரையில் கித்துள் நிற்கும் தோட்டங்கள் நமக்கு நிறைய. நடுவில் மட்டும் காய் குறைந்த குலையைக் கண்டால் நின்று அண்ணாந்து பாருங்கள்.

உடுக்கைத் தவளையின் வீடு ஒரே இரவில் முடிந்துவிடும். கட்டுவது பெண். ஆண் அதன் முதுகில் ஏறிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பெண்ணின் உடலிலிருந்து ஒரு வழுவழுப்பான திரவம் வரும், அதைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கும். தேநீர்க் கடைக்காரர் முட்டைக் கோப்பி அடிக்கிற வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டைகள் அந்த நுரைக்குள்ளேயே போய் அமரும். காலையில் வெளிப்புறம் காய்ந்து தோல் கட்டும், உள்ளே ஈரமும் காற்றும் நிற்கும். வெயிலுக்குக் கூரை, எறும்புக்கு மதில், குஞ்சுக்குத் தொட்டில் எல்லாம் அந்த ஒரு கை நுரைதான். ஒரு வாரம் போவதற்குள் தலைப்பிரட்டைகள் நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே விழும். கீழே தண்ணீர் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. காட்டில் என்றால் குட்டை, பாறைக்குழி. லயத்தில் என்றால் சீமெந்துத் தொட்டி, பீலிக்குக் கீழே தேங்கிய குழி, மழைக்கு வைத்து மறந்த பீப்பா. தலைப்பிரட்டை காலும் கையும் முளைத்து வெளியேற இரண்டு மாதம் வாக்கில் ஆகும்.

ஒன்று பல்லால் கழித்துக் கட்டுகிறது, மற்றது உடம்பிலிருந்து சேர்த்துக் கட்டுகிறது. ஆண் கட்டிய வீட்டில் வௌவால் பெண் பிள்ளையை வளர்க்கிறது. தவளைப் பெண் தான் கட்டிய வீட்டை விடிவதற்குள் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பெண் வேலையும் ஆண் பெயரும் என்ற நம் லயத்து நியாயம் இரண்டு வீட்டிலும் செல்லாது.

பிள்ளைக் கணக்கில் வௌவால் கஞ்சம். தென்னிந்தியாவில் பார்த்தவரை ஆண்டுக்கு இரண்டு முறை ஈனும், ஒவ்வொரு முறையும் ஒரே குட்டி. தாய் அதை மார்போடு ஒட்டிக்கொண்டு பறக்கும், ஒரு மாதத்துக்கு மேல் பால் கொடுக்கும். தவளைக்கு ஒரு நுரைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. அக்கா ஒரு நிமிடத்தில் கழுவிவிட்ட எண்ணிக்கையைத் தன் ஆயுள் முழுக்கப் பெற்றாலும் ஒரு வௌவால் எட்டாது. இதை வைத்து, தவளைக்கென்ன, நிறையப் போடுகிறது, கொஞ்சம் போனால் போகட்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. நிறையப் போடுவது நிறைய இழப்பதால்தான். அந்த இழப்புக் கணக்கில் பாம்பு இருக்கிறது, பறவை இருக்கிறது, காய்ந்த குட்டை இருக்கிறது. தும்புத் தூரிகை பிறகு வந்து சேர்ந்தது.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தவளை தன் வாயால் கெடும். பாம்புக்கு வழி சொல்லித்தான் துணையைக் கூப்பிட வேண்டும். வௌவாலின் ஒலி வேறு கதை. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் ஒலியை எறிந்து எதிரொலியில் வழி காண்பவை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லா வௌவாலுக்கும் பொருத்திவிடுகிறோம். குறுமூக்கு வௌவால் கண்ணாலும் மூக்காலும் பிழைப்பது. கொய்யா பழுத்த செய்தி அதற்கு வாசனையாகத்தான் போகிறது. ஆனால் 2014-இல் ஒரு வேடிக்கையான செய்தி வந்தது. இதன் தம்பியான சிறிய குறுமூக்கு உட்பட மூன்று பழவௌவால் இனங்கள் சிறகால் டிக் டிக்கென்று ஒலி எழுப்பி, கும்மிருட்டில் அதைக் கொண்டு தட்டுத் தடுமாறி வழி பார்க்கின்றன என்று கண்டார்கள். இருளில் சுவரைத் தடவிப் போகிற கிழவரைப்போல.

இனி, கொய்யாவைத் தின்றதற்கு வௌவால் என்ன திருப்பிக் கொடுக்கிறது?

பழத்தை அது மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. வாயில் கவ்வி, கொஞ்ச தூரத்தில் இன்னொரு கிளைக்குப் போய், மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பும். சிறு விதைகள் வயிற்றில் போய் வெகுசீக்கிரம் எங்காவது விழும். வாசலில் கிடந்த உருண்டை நமக்குக் குப்பை, அத்திக்கும் ஆலுக்கும் அதுதான் வண்டிச்சத்தம் இல்லாத பிரயாணம். வாழைப்பூவின் தேனுக்கும் இது வரும். ஒரே பயிரை மலை மலையாக நட்டு வைத்த இடத்தில், ஓடைக்கரைத் துண்டுக்காட்டுக்கும் லயத்துக் கோடிக்கும் இடையே விதை போக்குவரத்து நடத்த ஆள் வேண்டும். காட்டுப் பறவைகளில் பல தேயிலை வெளியைத் தாண்டத் தயங்கும். இது தாண்டும். கூலி கொய்யா.

அந்தக் கூலியைக் கணக்குப் பார்த்து ஒரு நாடே கொதித்தது உண்டு. மொரீசியசில் லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கின்றன என்று அந்தத் தீவுக்கே உரிய பெரிய பழந்தின்னி வௌவால்களை அரசே 2015-இல் சுட்டுத் தள்ளியது. முப்பதாயிரத்துக்கு மேல். அடுத்த ஆண்டும் சுட்டார்கள். அதனால் பழ விளைச்சல் கூடிவிடவில்லை. நம் லயங்களில் அவ்வளவு கொதிப்பு இல்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பழத்துக்குத் தாளையோ பழந்துணியையோ கட்டி வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது நல்ல வழி. நைலோன் வலையை மரத்தின்மேல் தொளதொளவென்று போர்த்துவதுதான் வேண்டாம், சிறகு சிக்கினால் அறுந்துதான் வரும். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தூக்கக்கூடாது, அது கடித்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டும் தெரிந்திருந்தால் நோய்ப் பயத்துக்குக் காரணம் இல்லை.

தவளையின் கூலி பூச்சியில். இரவில் விளக்கடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், வருவதை விழுங்கும். அதற்கு யாரும் கணக்கு வைத்ததில்லை. மாறாக ஒரு பழி மட்டும் நிரந்தரமாக உண்டு. தேங்காய் உள்ளீடு இல்லாமல் போனால் தேரை மோந்தது என்பார்கள். குழந்தை உடல் வற்றி மெலிந்தால் தேரை விழுந்தது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். நிறை மாதத்திலும் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்த தாயின் பிள்ளை மெலிந்ததற்கு ஒரு தவளையா காரணம்? வௌவால்மேலும் இப்படி ஒன்று இருக்கிறது. அதன் இறைச்சி இழுப்புக்கு மருந்து என்ற நம்பிக்கை. பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெரிய பழந்தின்னி. ஆனால் அதே வௌவாலை மதுரைப் பக்கத்துப் புளியங்குளத்தில் முனி குடியிருக்கும் ஆலமரத்தில் தொங்குவதற்காகவே யாரும் தொடமாட்டார்கள் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து மாரிமுத்து எழுதியிருக்கிறார். வௌவாலுக்கு அடிக்கிற கையும் உண்டு, காக்கிற சாமியும் உண்டு. தேரைக்குச் சாமி கிடையாது.

வௌவாலுக்கும் தவளைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தண்ணீரில்தான் இருக்கிறது. தோட்டத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைக்கு மலை கான் வெட்டியிருக்கும். மேலே பெய்த மழை கானில் இறங்கி, கான் ஓடையில் சேர்ந்து, ஓடை பீலிக்கும் தொட்டிக்கும் வந்து, மிச்சம் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களுக்குப் போகும். மேலே புல்லுக்கு அடித்த மருந்தும் அதே வழியில்தான் வரும். வௌவாலுக்கு ஒரு மலையில் மருந்து என்றால் அடுத்த டிவிசன் இருக்கிறது. தவளை கானின் கீழ்நுனியில் இருக்கிறது. அதன் தோல் மூச்சுவிடும் தோல், தண்ணீரில் என்ன இருந்தாலும் உள்ளே போகும். இரண்டு மாதம் தலைப்பிரட்டையாக அந்தத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உடுக்கைத் தவளையையே எடுத்துச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். இலங்கை வயல்களிலும் தோட்டங்களிலும் புழங்கிய நான்கு மருந்துகள்: குளோர்பைரிபொஸ், டைமெதோயேட், கிளைபோசேட், புரொப்பனில். அந்தத் தண்ணீரில் வளர்ந்த தலைப்பிரட்டைகளில் செத்தவை போக, பிழைத்தவற்றிலும் முதுகெலும்பு வளைந்தவையும் வளர்ச்சி பின்தங்கியவையும் இருந்தன. கிளைபோசேட்டை அரசு 2015-இல் தடை செய்தது. தடை வந்ததற்குத் தவளை காரணமல்ல, சிறுநீரக நோய் பற்றிய அச்சம். 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். புல் மண்டிய மலையில் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து கொழுந்து பறித்த பெண்களிடம் கேட்டால் தடைக்கு வேறு கதை சொல்வார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. வேலையாட்களுக்கு ஆகாதது தவளைக்கு ஆகும் என்றோ, தவளைக்கு ஆகாதது வேலையாட்களுக்கு ஆகும் என்றோ சொல்ல வரவில்லை. ஒரே பீலியில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் உடுக்கைத் தவளை தவளைகளில் கெட்டிக்காரத் தவளை. தலைத்தோல் மண்டையோட்டோடு ஒட்டிப்போன உறுதியான தலை, சுவரில் ஏறும் விரல், சீமெந்துத் தொட்டியைக் குட்டையாக எண்ணிக்கொள்ளும் மனசு. அதனால்தான் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் வரை மனிதர்களோடு சேர்ந்து இருக்கிறது. ஹட்டன் 1,270 மீட்டர் வாக்கில் இருக்கிறது, அங்கே அதற்கு இடம் உண்டு. 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவுக்கு ஏறினால் அந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது, அதன் உறவுக்காரத் தவளை. முதுகில் அதே உடுக்கை, குதிகாலில் ஒரு கூர்முனை, அதே நுரைவீடு. 1858-இல் குந்தர் பெயரிட்டது. 2010-இல் மீகஸ்கும்புரவும் சகாக்களும் டருகா என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். டருகா ஈக்வெஸ் இலங்கையின் மத்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ளவற்றோடு வைக்கப்பட்ட இனம். தாழ்நிலத்து உறவைப்போல மனிதன் கட்டிய தொட்டியை நம்பி இது ஊருக்குள் பரவிவிடவில்லை. காட்டின் நிழலும் குளிரும் இதற்கு வேண்டும்.

இன்னும் கூச்சமுள்ளவை என்ன ஆயின என்பதற்கு நுவரெலியாவிலேயே சாட்சி இருக்கிறது. இராணுவ மருத்துவராக இருந்த கெலார்ட் 1853-இல் நுவரெலியாத் தவளை ஒன்றை எழுதி வைத்தார். உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி, நட்சத்திரம் தெளித்ததுபோல். பெயரும் அப்படியே, ஸ்டெல்லாட்டஸ். சூடோபிலாட்டஸ் என்ற புதர்த்தவளைக் கூட்டத்தில் சேர்ந்தது. இந்தக் கூட்டம் நுரை கட்டுவதில்லை, தலைப்பிரட்டையாக நீந்துவதுமில்லை. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். குட்டை வேண்டாம், ஆனால் ஈர நிழல் ஒருநாளும் விட்டுப்போகக் கூடாது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைகள் மொட்டையானபோது அந்த நிழல் போனது. கெலார்ட்டுக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக யாரும் அதைக் காணவில்லை, அழிந்தது என்று எழுதிவிட்டார்கள். 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மென்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு அதை உயிரோடு கண்டது. இந்த ஒன்று திரும்பி வந்தது. இலங்கைப் புதர்த்தவளைகளில் ஒரு டசனுக்கும் மேற்பட்ட இனங்கள் அருங்காட்சியகப் போத்தலில் மட்டும் இருக்கின்றன.

தோட்டம் வந்ததில் குறுமூக்கு வௌவாலுக்குப் பெரிய நட்டம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். காடு போனது, கொய்யா வந்தது, வாழை வந்தது, பங்களாத் தோட்டம் வந்தது. உலக அளவிலும் அதற்கு அபாயம் இல்லை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அது கேட்பது மன்னிப்பு மட்டும். தவளைகளுக்கு அது போதாது. சமாளித்த ஒரு தவளையை லயத்தில் பார்த்துவிட்டு, தேரைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறோம். கடல் தாண்டியும் இருப்பதைப் பறந்து போற சாதி என்று விட்டுவிடுகிறோம், இந்தத் தீவை விட்டால் வேறு இடம் இல்லாததைத் தூரிகையால் தேய்க்கிறோம். இரண்டில் எதன் பக்கம் நிற்பாய் என்று என்னைக் கேட்டால், கொய்யாவை இழந்த வீட்டில் இருந்துகொண்டே சொல்கிறேன், தவளையின் பக்கம்.

குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் தலைப்பிரட்டை நீந்தட்டும் என்று யாரிடமும் நான் கேட்கமாட்டேன். தேய்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். நுரையைக் கண்டால் கடினமான மட்டை ஒன்றைச் சுவரோடு சரித்து மெல்ல வழித்தெடுங்கள், அல்லது இலையில் இருந்தால் இலையோடு கிள்ளுங்கள். மருந்து அடிக்காத பக்கத்தில், நிழலில், மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு குழி பார்த்து, தண்ணீரில் முங்காமல் அதற்கு நேர் மேலே ஒரு கிளையிலோ கல்லிலோ வைத்துவிடுங்கள். மலைக்குப் போகிற அவசரத்திலும் ஐந்து நிமிட வேலை. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் குழியில் இறங்கிவிடும்.